ஒன்பது எச் பென்சிலும் இரண்டு வாளித் தண்ணீரும்

இலக்கியம் பேசும் இடத்தில் கார் கழுவுவதைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கக்கூடியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தறி நின்றுபோனதற்கும் குயவனின் சக்கரம் ஓய்ந்துபோனதற்கும் நம் சிற்றிதழ்களில் வந்த இரங்கற்பாக்கள் கொஞ்சமல்ல. கையின் அறிவு, விரல்நுனியின் நினைவு என்றெல்லாம் அழகாக எழுதத் தெரிந்த நாம், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரத்து வாட்டர் சர்வீஸில் காரை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகும்போது, அந்தக் காரின் மேல் குனிந்திருக்கும் இளைஞனின் கையை ஒருமுறையும் பார்ப்பதில்லை. திரும்பி வந்து கேட்பது ஒன்றைத்தான்: "என்ன தம்பி, பளபளன்னு இல்லையே?" அவன் ஒரு புட்டியை எடுத்து வருகிறான். "பாலிஷ் போட்டுடலாங்க சார்."

என் வழக்கு இந்த இரண்டு வாக்கியங்களின் மீதுதான். காரின் மேற்பூச்சைக் காப்பாற்றுவது தூசியை இழுக்காமல் எடுக்கத் தெரிந்த கை. அந்தக் கைக்கு வேண்டிய கருவிகள் மலிவானவை. நாமோ கைக்குக் கூலி கொடுக்கத் தயங்கி, புட்டிக்கு விலை கொடுக்கிறோம்.

களமருதூர்ப் பக்கம் காரின் மேல் படிவது வெறும் மண் என்று நினைத்துவிடக் கூடாது. ஊர்ப் பெயரிலேயே களம் உண்டு. அறுவடை முடிந்தால் தார்ச்சாலையும் களமாகிவிடும். உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் சாலையில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தைக் கொண்டே அடித்தெடுப்பது இந்த வட்டாரத்தில் யாரும் விந்தையாகப் பார்க்காத காட்சி. அந்தச் சுணையும் தூளும் காரின் அடிவயிறு வரை ஏறும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்புச் சக்கையின் கரி பறக்கும். எல்லாவற்றிலும் கொடியது நெல் அவிக்கும் கொதிகலனிலிருந்து வரும் உமிச்சாம்பல். கையில் எடுத்தால் பூவைப்போல் இருக்கும். ஆனால் அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்கா. நம் பாட்டிமார் சாம்பல் கொண்டு பித்தளைப் பாத்திரம் விளக்கியது ஏன் என்று யோசித்தால், அதே சாம்பல் படிந்த பானெட்டின் மேல் காய்ந்த துணியை ஓட்டினால் என்ன ஆகும் என்பது விளங்கிவிடும்.

ஆலையிலிருந்து வரும் காரின் வண்ணப்பூச்சு, அடிப்பூச்சிலிருந்து மேற்பூச்சு வரை எல்லா அடுக்கும் சேர்த்து, ஏறத்தாழ நூறிலிருந்து நூற்று நாற்பது மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கு, கிளியர் கோட் என்பது, நாற்பது ஐம்பது மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரை மறிக்கும் பொருள் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. 'ரப்பிங் பாலிஷ்' என்று நம்மூரில் சொல்கிறார்களே, அந்தக் காம்பவுண்டு கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் ரப்பிங் போட்டுக்கொள்ளும் கார், ஆண்டுதோறும் தன் தோலைக் கொஞ்சம் உரித்துக் கொடுத்துவிட்டு வருகிறது. சில ஆண்டுகளில் கூரையும் பானெட்டும் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தால், 'கம்பெனி பெயிண்ட் சரியில்லை' என்று சொல்லிவிடுவோம்.

என் மனத்துக்கு உகந்த கருவிகள் எவை என்று கேட்டால் முதலில் சொல்வது இரண்டு வாளிகளை. ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறைபோன்ற கம்பளித் துடைப்பானை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறுநீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு இருந்தால் மண் கீழே தங்கிவிடும். இவ்வளவுதான் சூட்சுமம். ஒரே வாளியில் ஒரே ஸ்பாஞ்சை முக்கி நாலு கார் கழுவும் இடத்தில், முதல் காரின் மணலால் நாலாவது காரைத் தேய்க்கிறார்கள். வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் அப்படி வந்தவையே. தொடுவதற்கு முன் நுரையை அடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு நீரைப் பாய்ச்சிவிட்டால் பாதி மண் தானே இறங்கிவிடும். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம்; மெழுகிருந்தால் அதையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது மைக்ரோஃபைபர் துணி. ஒரு டெனியருக்கும் குறைவான இழை; பெரும்பாலும் எண்பது பங்கு பாலியஸ்டர், இருபது பங்கு பாலியமைடு. ஒவ்வொரு இழையும் பிளந்து கூர்முனை கொண்டிருப்பதால் தூசியைத் தள்ளாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியின் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் அது மண்ணை வாங்காது, இழுத்துக்கொண்டே போகும். இந்தத் துணியைப் பேணுவதில்தான் ஆளின் தரம் தெரியும். துணியை மணக்கவும் மென்மையாக்கவும் ஊற்றும் திரவம் இதற்கு நஞ்சு, இழையை அடைத்துவிடும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். கீழே விழுந்த துணி மறுபடி காரின் மேல் படக்கூடாது. விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்கிறவனையும், ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறவனையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் தொழில் தெரிந்தவனா என்று அறிய எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்புப் பொட்டுகள் விழும். நாள்பட்டால் பூச்சிலேயே பதிந்துவிடும். நீர்த்த வினிகர் தொடக்கத்தில் அவற்றைக் கரைக்கும். அதைவிட நல்லது கடைசி அலசலுக்கு மழைநீர். 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது வேறு கட்டுரைக்கான பொருள்.

இனி புட்டிகளுக்கு வருவோம். மெழுகின் மேல் எனக்குப் பகையில்லை. மெக்வயர்ஸ் நிறுவனம் 1901இல் அமெரிக்காவில் தொடங்கியது மரச்சாமான் மெருகு எண்ணெயோடுதான். கார் பின்னால் வந்தது. கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருவது. கடும் வெயிலில் ஈரம் போகாமலிருக்க அந்தப் பனை தனக்குப் பூசிக்கொள்ளும் கவசம் அது. எண்பது பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். நம் அக்கினி நட்சத்திரத்தில் மாதக்கணக்கில் நிற்காது என்றாலும், பூசியவுடன் அது தரும் மினுமினுப்பு உண்மையானது. அது யாரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்றுவது 'ஒன்பது எச் செராமிக் கோட்டிங், கீறலே விழாது' என்ற பலகை. சென்னையிலிருந்து கிளம்பிய அந்தப் பலகை இப்போது சிற்றூர்ச் சாலைகளுக்கும் வந்துவிட்டது. ஒன்பது எச் என்பது என்ன? பென்சில். பள்ளிக்கூடத்தில் எச்.பி. பென்சில் வாங்கினோமே, அதே வரிசையில் கடைசியாக நிற்கும் கடினமான பென்சில். ஒன்பது எச் பென்சிலைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்து அழுத்தி இழுத்தால் பூச்சில் தடம் விழவில்லை என்பதே அந்தச் சோதனையின் பொருள். மணல் பென்சில் அல்ல. மணலின் குவார்ட்சு, கனிமங்களை அளக்கும் மோஸ் அளவையில் ஏழு. அந்த அளவையில் வைரம் பத்து. 'ஒன்பது' என்ற எண்ணைக் கேட்டதும் வைரத்துக்கு அடுத்தது என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார் என்பது விற்கிறவருக்குத் தெரியும். பத்தாயிரங்களில் ரூபாய் கைமாறுவது இந்த மௌனத்தின் மேல்தான். செராமிக் பூச்சுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. நீர் ஒட்டாமல் உருண்டோடும், பறவை எச்சமும் புளியமரத்துப் பிசினும் எளிதில் வரும். ஆனால் ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள ஒன்றை உமிச்சாம்பலுக்குக் கேடயம் என்று விற்பதைப் பொய் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு புட்டி இதைவிடக் கொடியது. அலாய் வீலை நொடியில் வெளுக்கவைக்கும் மலிவான திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டவுடன் எரிச்சல் தெரியாது. தோலைக் கடந்து உள்ளே போய் உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்ட பிறகு, மணிக்கணக்கு கழித்து வலி தொடங்கும். வெறுங்கையால் அதைத் தேய்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்லியிருப்பதில்லை. பிரேக் தூளின் இரும்புத் துகளைக் கரைக்க அமிலமே வேண்டாம். தயோகிளைகோலேட் கலந்த 'அயர்ன் ரிமூவர்' இருக்கிறது. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும், விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலையைக் கடைக்காரர் கொடுக்க மாட்டார், ஏனென்றால் நாம் கொடுக்க மாட்டோம். அதேபோல் அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் வழக்கமும். ரப்பர் புஷ்கள் எண்ணெயில் ஊறி உப்பிக் கெடுகின்றன. வழிந்தோடும் டீசல் வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகிறது. நாமோ வண்டி மினுங்குகிறது என்று பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறோம்.

காரை மினுக்குவதே முதலாளித்துவ மோகம், தூசியோடு ஓடட்டுமே என்று சொல்லும் தோழர்களும் உண்டு. அவர்களை வெள்ளிமலைக்குப் போகும் பொலிரோவில் ஏற்றிவிட ஆசைப்படுகிறேன். கடன் வாங்கி அந்த வண்டியை ஓட்டுகிறவருக்குத் தகட்டில் பிடிக்கும் துரு தவணைக் கணக்கில் விழும் ஓட்டை. நாளை விற்கும்போது தரகர் முதலில் தடவிப் பார்ப்பது பூச்சைத்தான். டேஷ்போர்டில் சிலிக்கோன் பாலிஷைப் பூசிவிட்டால் வெயிலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து, மலைவளைவில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது மோகமல்ல, ஈரத்துணி.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை காரை விடும்போது டீக்கடைக்குப் போகாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை வாளி இருக்கிறது, துணி எந்த நிலையில் இருக்கிறது, வீலுக்கு எதை ஊற்றுகிறார்கள், கையுறை உண்டா என்று கேளுங்கள். இரண்டு வாளியில் கழுவ நேரம் கூடும். அந்த நேரத்துக்குரிய கூலியைக் கடைக்காரரிடம் அல்லாமல் கழுவியவர் கையிலேயே கொடுங்கள். ஆயுத பூசைக்குப் பானெட்டில் வைத்த குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கும். மறுநாள் காலையில் நிறைய நீர் விட்டு ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள், சுரண்ட வேண்டாம்.