‘ஹக்கிள்பெரி’ என்று சொல்லுங்கள், அத்தை

சென்ற வாரம் மும்பையில் நடந்த ஒரு கருத்தரங்கில், மூளைத்தாக்கின் உடலியங்கியல் பற்றிய அமர்வு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன். நோயாளிகளின் மொழித்திறனை எந்த மொழியில் அளந்தீர்கள் என்பதே கேள்வி. உரையாளர் புன்னகையுடன், “நரம்பணுவுக்குத் தாய்மொழி கிடையாது” என்றார். அரங்கம் சிரித்தது. நேரம் கடந்துவிட்டதென்று ஒலிவாங்கியும் என் கையிலிருந்து போய்விட்டது. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இடது நடுப்பெருமூளைத் தமனியை ஒரு குருதிக்கட்டி அடைத்தால், அப்பால் நிகழ்வது தாராவியிலும் பாஸ்டனிலும் ஒன்றே. உயிர்வளி நிற்கிறது, குளூட்டமேட் பெருகி வழிகிறது, கால்சியம் உயிரணுவுக்குள் புகுகிறது, அணு சாகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் என்று ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். இதில் மொழிக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செத்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று படுக்கையருகே நிற்கும் மருத்துவர் எதைக்கொண்டு அறிகிறார்? கையைத் தூக்கச் சொல்கிறார். பிறகு பேசச் சொல்கிறார். பேசச் சொன்ன கணத்திலேயே உடலியங்கியல் மொழியியலின் வாசலுக்கு வந்துவிட்டது.

உலகெங்கும் புழங்கும் என்ஐஎச் மூளைத்தாக்கு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 42 புள்ளிகள். அவற்றுள் 7 நேரடியாக மொழியைச் சார்ந்தவை. இது என்ன மாதம், உங்கள் வயது என்ன என்று கேட்க வேண்டும். விடை துல்லியமாக இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட’ என்பதற்குச் சலுகை இல்லை. சுதந்திரம் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தேன் என்று வயது சொல்லும் தலைமுறை அது. மாதம் கேட்டால் ஆவணி என்பார்கள். இரண்டும் பிழையென்று எழுதப்படும். படத்தாளில் கையுறை, சப்பாத்திக்கள்ளி, இறகு, வலைத்தொட்டில் முதலியன இருக்கும். திரும்பச் சொல்லும் சொற்களில் ‘ஹக்கிள்பெரி’யும் ‘பேஸ்பால் பிளேயரு’ம் உண்டு. வட அமெரிக்கப் புதரில் காய்க்கும் ஒரு பழத்தின் பெயரால் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு நாவின் குழறலை அளக்கிறோம்!

இப்போது என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவியில் முப்பது ஆண்டுகள் இட்லி அவித்து விற்றவர். தமிழில் கனவு காண்பார், இந்தியில் கணக்குப் பார்ப்பார், மராத்தியில் போலீஸ்காரரைச் சமாளிப்பார். ஒருநாள் காலை, அடுத்த வீட்டு மராத்திய அம்மாள் அவரை ஒரு பொது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கை கால்களில் பழுதில்லை, வாய் கோணவில்லை. அத்தை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பணியிலிருந்த இளம் மருத்துவர் இந்தியில் கேட்டார். அத்தை சரளமாக ஏதோ சொன்னார். சீட்டில் ‘நோயாளி தமிழ் பேசுகிறார்’ என்று எழுதப்பட்டது. செம்பூரிலிருந்து என் அண்ணன் போய்ச் சேர்ந்து, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “டாக்டர், இது தமிழே இல்லை” என்றபோது, கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய நாலரை மணி நேரம் கடந்துவிட்டிருந்தது.

வெர்னிக்கே வகை மொழியிழப்பு அப்படித்தான் இருக்கும். ஒலிநயம் கெடாது, வேகம் குறையாது. சொற்கள் மட்டும் பொருளற்று உருளும். மொழி தெரியாதவருக்கு அது அந்நிய மொழியாகவே கேட்கும். அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. முப்பத்தாறு மணி நேரமாக உறங்காத ஒரு பயிற்சி மருத்துவரின் கையில் நாம் கொடுத்திருக்கும் கருவிதான் இது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்றைக் கவனித்திருந்தார்: “என்னிடம் தினமும் இந்தியில் பேசுவாள், இன்றைக்கு ஏன் பேசவில்லை?” அன்று அங்கே நிகழ்ந்த ஒரே சரியான நோயறிதல் அதுதான். அதை எழுத அளவுகோலில் கட்டம் இல்லை.

நம் சொல்லும் இதில் குற்றவாளி. ‘பக்கவாதம்’ என்ற பெயர் உடம்பின் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறது. இந்தியின் ‘லக்வா’வும் கோணிய வாயையும் விளங்காத கையையும்தான் நினைவூட்டுகிறது. கால் நடக்கிறது, பேச்சு மட்டும் தடுமாறுகிறது என்றால், குடும்பத்தார் பயந்திருப்பார், திருநீறு போடு என்கிறார்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டி அச்சிடுவோர் பெயரைப் பற்றி ஒருமுறையேனும் யோசித்திருக்க வேண்டாமா?

இனித் தரவுக்கு வருவோம். மித்தி ஆற்றுக்கு அந்தப்புறம், பாந்த்ராவின் எச் வார்டில், லீலாவதி மருத்துவமனையைச் சேர்ந்த பி. எம். தலால் குழுவினர் 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகள் மக்கள்தொகை அடிப்படையில் செய்த ஆய்வு, இந்நகரம் பெருமைகொள்ளத்தக்கது. 1,56,861 பேரில் 456 பேருக்கு முதல் மூளைத்தாக்கு; ஆண்டுக்கு இலட்சத்தில் 145. அவர்களுள் 29.8 விழுக்காட்டினர் 28 நாட்களுக்குள் இறந்தனர். எனக்குக் கவலை மிச்சமிருக்கும் எழுபது விழுக்காட்டைப் பற்றியது. மருந்தாய்வுகளில் பெரிதும் வழங்கும் ரேங்கின் அளவுகோலில், நடந்து, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர் ‘நல்ல விளைவு’க் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். என் அத்தை நன்றாக நடக்கிறார். அவரால் ஓர் இட்லியின் விலையைச் சொல்ல முடியாது.

மூளையைக் காக்கும் என்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளை 2006-இல் ஒரு குழு தொகுத்தது. அவற்றுள் எலியில் வென்று மனிதரில் தோற்றவை ஏராளம். காரணங்கள் பல, மொழிதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு நான் மூடனல்லன். ஆனால் எலியில் சிதைவின் கன அளவை அளந்துவிட்டு, மனிதரில் ஒரு சோதனைத்தாளின் மதிப்பெண்ணை அளக்கிறோம். அந்தத் தாளே கோணலாக இருக்கும்போது, மருந்தின் சிறு பயன் அதில் எப்படித் தெரியும்?

மொழியைக் கணக்கிலெடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஐதராபாத் சான்று. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்த 608 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், மூளைத்தாக்குக்குப் பின்னும் அறிதிறன் கெடாதிருந்தோர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6. மொழியிழப்பின் விகிதத்தில் மட்டும் வேறுபாடு இல்லை. நரம்பணுவுக்குத் தாய்மொழி கிடையாது என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் விளக்கட்டும். மூன்று மொழி பேசும் எழுத்தறியாத முதியவர்கள் நிறைந்த தாராவியைவிட இத்தகைய ஆய்வுக்கு உகந்த களம் எது?

பந்தை எதிர்ப்பக்கமே உதைத்துக்கொண்டிருப்பது நேர்மையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிதிறன் சோதனைத் தொகுதியை முதலில் உருவாக்கியபோது தேர்ந்த மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் இல்லை. என்ஐஎச் அளவுகோலின் இந்தி வடிவம் 2012-இலேயே சரிபார்க்கப்பட்டு வெளிவந்தது. தமிழின் தொன்மையை நிறுவ மேடை போடும் நாம் அப்போது எங்கிருந்தோம்? மொழிபெயர்க்க அழைத்தால் இன்னும் மோசம்: பேனாவை ‘எழுதுகோல்’ ஆக்குவோம். இரட்டை வழக்கு மொழி என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, சோதனைத்தாளில் எழுத்து வழக்கை மட்டும் வைப்போம். பள்ளிக்கே போகாதவர் அதில் தோற்றால் அது மூளையின் குறையா, நம் குறையா? ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள் என்கிறது மான்ட்ரியல் சோதனை. ‘க’ என்று கேட்டால் ‘காக்கா’ செல்லுமா? உயிர்மெய் எழுத்துமுறையில் இது எளிய கேள்வியன்று. தொல்காப்பியத்தில் முதலெழுத்து, சார்பெழுத்து பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நண்பர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். (இந்தப் பதிவையும் எழுத்து வழக்கில்தான் எழுதுகிறேன். அத்தை நலமாக இருந்தபோதும் இதைக் கேட்டால், “என்னலே வானொலிச் செய்தியா வாசிக்க?” என்றிருப்பார்.)

ஆகவே ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். தோசைக்கல், குக்கர், லோக்கல் ரயில், தண்ணீர் டிரம், சாவி, சீப்பு என இங்குள்ள வீடுகளில் கண்ணில் படும் அறுபது பொருட்களின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றிலும் முதியவர்கள் உண்மையில் சொல்லும் பெயர்கள். மாட்டுங்காவில் கேட்கும் பெயரும் தாராவியில் கேட்கும் பெயரும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. நடுவில் ஒரு ரயில் பாதைதான், ஆனால் சாதியும் ஊரும் வேறு. பெயர் சொல்ல நலமான முதியவர்கள் வேண்டும். குறிப்பெடுக்க, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த மாணவர்கள் வேண்டும். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் முதல் பத்து வீடுகளுக்குப் போகிறேன். வர விரும்புவோர் உட்பெட்டியில் எழுதுங்கள். கருத்தரங்க உரையாளர் இதைப் படித்தால், அவருக்கும் இதே அழைப்பு. என் அத்தையின் வீடு மூன்றாவது.