நெல்லுக்கு ஒரு நீதி, உழுந்துக்கு ஒரு நீதியா?

நெல் விதைக்கும் கமக்காரனுக்கு இந்நாட்டில் ஒரு சபை உண்டு. 1971ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நெல் சந்தைப்படுத்தும் சபை, கொள்வனவு செய்கிறதோ இல்லையோ, காலந்தாழ்த்தியேனும் ஒரு விலையை வாய்திறந்து சொல்லும். அவனுக்கு உரமானியம் உண்டு. குளத்து நீரிற் பங்கு உண்டு. விளைச்சல் பொய்த்தால் அவனுக்காகப் பாராளுமன்றத்திற் குரலெழுப்ப நான்கு பேராவது உளர். உழுந்தும் பயறும் கௌப்பியும் விதைப்பவனுக்கு என்ன உண்டு? வானம் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவன் உண்டு. சூடடிக்கும் நாளன்று லொறியோடு வந்து நிற்கும் வியாபாரி உண்டு. வேறொன்றும் இல்லை.

இந்தப் பாரபட்சத்தை மூடுவதற்கு உத்தியோகத்தர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘உப உணவுப் பயிர்’. எதற்கு உபம் என்று கேட்க விரும்புகின்றோம். அரிசியிலே புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு. கௌப்பியிலே 23, 24 பங்கு. அரிசியிற் குறைந்து நிற்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பு வகையில் மிகுந்து நிற்கிறது. பருப்பிற் குறைந்த மெதியோனின் அரிசியிற் கிடைக்கிறது. இரசாயனம் கற்காமலே நம் தாய்மார் இதனை அறிந்திருந்தனர். பொங்கற் புக்கையிற் பயறு இட்டதும், பெரியபிள்ளையான பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டியதும் வெறும் சடங்கல்ல. பயற்றங்காயும் கௌப்பியும் தாவரவியலில் ஒரே இனம்; ஒன்றைக் காயாகத் தின்கிறோம், மற்றதை விதையாகத் தின்கிறோம். ஆனால், இன்று யாழ்ப்பாணத்து வீட்டிலே பருப்பு என்றால் அது கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ விளைந்த மைசூர்ப் பருப்பு. நம் வெப்பத்தில் விளையாத ஒன்றை நாளாந்த உணவாக்கிக்கொண்டு, நம் மேட்டுநிலத்தில் 65, 70 நாளில் விளையும் ஒன்றை ‘உபம்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அரசாங்கங்களின் போக்கைப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை அன்றைய ஆட்சி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வடபகுதித் தோட்டக்காரர் மிளகாயாலும் வெங்காயத்தாலும் தலைநிமிர்ந்த காலம் அது. 1977இல் கதவு திறந்தது, விலை சரிந்தது, கடன்பட்டுக் கிணறு வெட்டியவன் கிணற்றோடு நின்றான். 2020இல் அந்நியச் செலாவணி வற்றியதும் திடீரெனத் தேசபக்தி பிறந்தது: உழுந்தும் பயறும் கௌப்பியும் வெளியிலிருந்து வரலாகாது என்றார்கள். உழுந்தின் விலை பல மடங்கு ஏறிற்று. ஆயினும் விதை எங்கே? அதை எவரும் சிந்திக்கவில்லை. 2023ஆம் ஆண்டளவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பகுதி நீங்கியது. விலையேற்றத்தை நம்பிக் காடு திருத்தியவனை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2021ஆம் ஆண்டின் கூத்தைத் தனியே சொல்ல வேண்டும். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் தடுத்தார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். இடையிலே சீனத்திலிருந்து சேதன உரம் கப்பலேறி வந்தது. அதன் மாதிரியில் தீங்கான நுண்ணுயிர் உண்டென்று தாவரத் தடுப்புக்காப்புச் சேவை சொல்ல, உரம் இறக்கப்படாமலே 60 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தப்பட்டது. காற்றிலுள்ள நைதரசனைத் தன் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவின் துணையால் பிடித்துத் தனக்கு உணவாக்கும் பயிர் நம் காணியிலேயே இருக்கிறது. யூரியா இல்லாத ஆண்டில் முதலிற் பேசப்பட வேண்டிய பயிர் அதுவல்லவா? அந்த டொலரில் ஒரு பங்கு விதை உற்பத்திக்குப் போயிருந்தால்! ஆயினும் ஒன்றை ஒளிக்காமற் சொல்வோம்: செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், சூடடித்தபின் கொடியை எரித்துவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. கொடியும் இலையும் வயலுக்குத் திரும்பினாற்றான் அடுத்த பயிர் நன்மை பெறும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் அமைச்சரின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தது. வர்த்தமானியில் ஒரு கட்டளை. அவ்வளவில் ஒரு கிலோ பயறின் மேலுள்ள வரி கூடும், அல்லது குறையும். ஐப்பசியில் ஒரு வரியை நம்பி விதைக்கிறான். தையில் வேறொரு வரியைக் கண்டு விற்கிறான். ‘நியாயமான எதிர்பார்ப்பு’ என்றொரு கோட்பாட்டை எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன: அதிகாரபீடம் தன் வாக்கினாலோ வழக்கத்தினாலோ ஏற்படுத்திய நம்பிக்கையை எழுந்தமானமாக உடைத்தல் ஆகாது. உத்தியோகத்தரின் பதவியுயர்வு வழக்குகளிலே இதனைக் கேட்டிருக்கிறோம். உழுந்து விதைத்தவனின் எதிர்பார்ப்பு மட்டும் நியாயமற்றதா? வரியை விதைப்புக்கு முன் அறிவிக்க வேண்டும். அறுவடை முடியும்வரை மாற்றலாகாது. கேட்பது இவ்வளவே.

“விலை ஏறினால் ஏழை எதைத் தின்பான்?” என்று கொழும்பிலிருந்து ஒரு குரல் வரும். நம் படித்த நண்பர் சிலரும் அதனோடு சேர்ந்து பாடுவர். தோட்டத் தொழிலாளியின் பருப்பின்மேல் வரி போடும்படி நாம் கேட்கவில்லை. பயறு, கௌப்பி, உழுந்து ஆகியவற்றின் பெயரால் ஆண்டாண்டாக அறவிட்ட பணம் எங்கே என்றுதான் கேட்கிறோம். கமக்காரனைக் காக்க என்று சொல்லி, உண்பவனிடம் வாங்கிய பணம் அது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதிற் கட்டிய களஞ்சியங்கள் எத்தனை?

களஞ்சியம் என்றது வீண்பேச்சன்று. கௌப்பியின் பெரும்பகை வண்டு. வயலில் நெற்று முற்றும்போதே முட்டையிடத் தொடங்கி, மூட்டைக்குள் பெருகி, சில மாதத்தில் விதையைச் சல்லடையாக்கிவிடும். ஆகவே கமக்காரன் வைத்திருந்து விற்க மாட்டான் என்பது வியாபாரிக்குத் தெரியும். வண்டும் வியாபாரியும் கூட்டுப் பங்காளிகள். இதே துன்பம் மேற்கு ஆபிரிக்காவிலும் இருந்தது. கௌப்பியின் தாயகம் ஆபிரிக்கா. இன்று அதனை மிகுதியாக விளைவிப்பது நைஜீரியா. 1987இல் கமரூனில் அமெரிக்கப் பேடியூ பல்கலைக்கழகத்தார் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து ஓர் எளிய வழி பிறந்தது: நன்கு காய்ந்த விதையை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றன்மேலொன்றாகக் கட்டி, வெளியே ஒரு நெய்த பையில் இடுதல். உள்ளே காற்றின்றி வண்டு மடிகிறது. மருந்தில்லை, மின்சாரமில்லை. ஒரு சாதாரண பை! அதனை ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் வைத்து விற்பதற்கு எந்த அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும்?

திருத்தம் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் விவசாயத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது. வெளிநாட்டு வர்த்தகத்தை மத்தியிலே வைத்துக்கொண்டது. விதைப்பது இங்கே, விலை தீர்வது அங்கே. வட மாகாண சபையின் ஆயுட்காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2009க்குப் பின் ஊர் திரும்பிய வன்னி மக்களோ, முன்பு உழுந்து விதைத்த மேட்டுநிலத்திலே காடென்று சொல்லி எல்லைக்கல் நட்டிருக்கக் கண்டனர். வேறு சில இடங்களிலே இராணுவமே பண்ணை நடத்திச் சந்தையில் அவனோடு போட்டியிட்டது.

இவ்வளவும் சொன்ன பின் நம் பக்கத்தையும் நோக்குவோம். தென்மராட்சியிலும் வன்னியிலும் காலபோக நெல் அறுத்தபின் வயலில் ஈரம் நிற்கிறது. 60 நாட் பயறு ஒன்றுக்கு அது பெரும்பாலும் போதும். விவசாயத் திணைக்களமே இடைப்போகத்தில் விதைக்கச் சொல்கிறது. ஏன் விதைப்பதில்லை? கட்டாக்காலி மாடு. நெல் அறுத்த மறுநாளே மாடுகளை அவிழ்த்து விடுகிறோம். தனியொருவன் விதைத்தால் அவன் வயல் அவற்றுக்கு விருந்து. இதற்குக் கொழும்பைக் குறை சொல்ல இயலாது. பருவக் கூட்டத்திலே நெல்லுக்கு மாடு கட்டும் நாளைக் குறிக்கிறோமே, பயறுக்கும் ஒரு நாளைக் குறித்தாலென்ன? காணியைப் பூட்டி வைத்துவிட்டுப் பட்டணத்தில் இருக்கும் வைத்தியரும் பொறியியலாளரும், நம் அப்புக்காத்துமாருந்தான், அதனை ஒரு போகத்துக்காவது அயலவனுக்குக் குத்தகைக்கு விட்டாலென்ன?

கமக்காரப் பெருமக்களே! அடுத்த காலபோகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுத்திற் கொடுங்கள்: நெல் அறுத்தபின் 70 நாள் மாடு கட்டுதல் ஒன்று, விதைப்புக்கு முன் வரியை அறிவிக்கக் கோருதல் மற்றது. கற்றவர்களுக்கு வேறொரு வேலை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பயறு, கௌப்பி, உழுந்து ஆகியவற்றின் இறக்குமதியில் 2007 முதல் அறவிட்ட தொகை எவ்வளவு, அதில் வட கிழக்குக்கு வந்தது எவ்வளவு என்று நிதி அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதனை எழுதிக் கொடுக்க நாம் கூலி கேட்க மாட்டோம்.