அழ வைத்த புத்தகம்

"டிப்ளமோ படிக்கிறவனுக்கு நாவல் எதுக்குடா?" என்று விடுதியில் கேட்டார்கள். பெருமாள்முருகன் 2000-இல் எழுதிய 'கூளமாதாரி'யை மூன்று ராத்திரியில் படித்தேன். கொங்கு மேட்டுக்காட்டில் பண்ணையத்து ஆடு மேய்க்கும் கூளையனும், பண்ணைக்காரர் மகன் செல்வனும் கூட்டாளிகள். ஆனால் ஒருவன் ஆள், ஒருவன் எஜமான். முடிவைப் படித்தபின் சோறு இறங்கவில்லை.

எங்க வீரசோழன் பக்கமும் கருவேலங்காடுதான். அஞ்சாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன், படிப்பை விட்டுக் கிடையாட்டோடு போய்விட்டான். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். போன லீவில் பஸ்சிலிருந்து அவனைப் பார்த்தும் கூப்பிடவில்லை. கூடப் படிக்கிற பசங்க இருந்தாங்க, வெட்கம்.

வெர்னியர் பிடித்து இரும்பை அளக்கிறோம். நம்மை அளக்க இப்படியொரு நாவல் வேண்டும். அழவைக்கும் என்று ஒதுக்காதீர்கள். பொங்கல் லீவில் அவனைத் தேடிப் போகிறேன்.