தொடக்கமும் முடிவும்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் 14ஆவது ஆட்டம். சீனாவின் டிங் லிரேனும் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சமப் புள்ளிகளுடன் மோதினர். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள் எஞ்சியிருந்தன. குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் மிகுதி. ஆட்டம் சமனில் முடியும் என்றே பலரும் எண்ணினர். 55ஆவது நகர்வில் டிங் தம் யானையை வெட்டுக்கு முன்வைத்தார். யானைகள் வெட்டுண்டன, அடுத்துப் பிஷப்புகள் வெட்டுப்படுவதையும் தடுக்க வழியில்லை. அந்த ஒற்றைச் சிப்பாயே உலகப் பட்டத்தை முடிவு செய்தது.

சதுரங்கம் பயிலும் மாணவர் பலர் இந்நிகழ்வைப் போற்றுவர். ஆனால் அது தரும் பாடத்தைக் கருதுவதில்லை. அவர்கள் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதிலேயே பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. ஆயத்தமற்ற எதிராளியை மனப்பாடம் விரைவில் வீழ்த்தும். ஆயினும், எதிராளி அறியாத நகர்வு ஒன்றைச் செய்தவுடன் மனப்பாடம் கைவிட்டுவிடும். சிந்தனை மட்டுமே துணை நிற்கும்.

தொடக்கம், நடு ஆட்டம், இறுதி ஆட்டம் ஆகியன தனித்தனிப் பாடங்கள் அல்ல. நடு ஆட்டத்தில் காய்களை மாற்றிக்கொள்ளலாமா என்னும் வினாவிற்கு, மாற்றியபின் எஞ்சும் இறுதி நிலையை மதிப்பிடத் தெரிந்தவரே விடை காண இயலும். தொடக்கத்தில் கோட்டை கட்டி ஒளிந்திருக்கும் அரசன், இறுதியில் பலகையின் நடுவே வந்து போரிட வேண்டியவன். எப்பொழுது வெளிவர வேண்டும் என்பதை முடிவை அறிந்தவரே அறிவர். 1921இல் உலக வாகையரான கியூபாவின் கபாபிளாங்கா, இறுதி ஆட்டப் பயிற்சியை முதலில் வலியுறுத்தியது இதனாலேயே ஆகும்.

அவ்வாறாயின் தொடக்கத்தைப் புறக்கணிக்கலாமோ எனின், கூடாது. இருபது நகர்வுகளுக்குள் குதிரையையோ யானையையோ இழப்பவருக்கு இறுதி ஆட்ட அறிவைப் பயன்படுத்தும் வாய்ப்பே கிட்டாது. அவருக்கு முதற்கண் தேவைப்படுவது, எதிராளியின் அச்சுறுத்தலைக் கண்டறியும் புதிர்ப் பயிற்சி. எனவே, பயிற்சி நேரத்தைப் பகுத்தளிக்க அனைவர்க்கும் பொதுவான அளவுகோல் இல்லை. சமன்பாடு என்பது சம பங்கீடு அன்று. குறை உள்ள இடத்தில் உழைப்பைக் கூட்டுவதே ஆகும்.

அக்குறையைக் காட்டுவது மாணவரின் ஆட்டக் குறிப்பேடே. முன்னாள் உலக வாகையர் போத்வின்னிக், சொந்த ஆட்டங்களை ஆராய்வதைப் பயிற்சியின் உயிராகக் கருதினார். இன்று கணினி சிறந்த நகர்வை நொடியில் காட்டிவிடுகிறது. ஆனால், தவறான நகர்வைத் தாம் ஏன் தேர்ந்தோம் என்பதை மாணவர்தாம் எண்ணிக் காண வேண்டும். தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது கசப்பானது. விரும்பிய பகுதியையே மீண்டும் பயில்வது இனிப்பானது. வளர்ச்சி, கசப்பை ஏற்பவரிடமே வந்து சேரும். சதுரங்கத்திற்கு மட்டுமன்று, கல்வி அனைத்திற்கும் இது பொருந்தும்.