வெறுங் கல்லறைக்கு ஏன் இத்தனை கூட்டம்?

கொச்சிக் கோட்டைக்குச் சுற்றுலா செல்வோர் புனித பிரான்சிஸ் ஆலயத்தினுள் நுழைந்ததும் கேட்கும் முதற் கேள்வி, "வாஸ்கோடகாமாவின் கல்லறை எங்கே?" என்பதுதான். சுற்றிலும் கம்பியடைத்த அந்தக் கல்லைச் சூழ்ந்து எப்போதும் கூட்டம். ஆனால் அக்கல்லறையில் அவர் இல்லை! 1524ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த அவரை இங்குதான் அடக்கம் செய்தார்கள். 1539இல் எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து ஆண்டுகூடத் தங்காத ஒருவருக்காக ஐந்நூறு ஆண்டுகளாக அந்த இடம் காத்துக் கிடக்கிறது.

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இவ்வாண்டு அங்குச் சென்று வந்தோம். ஆலயத்தின் வரலாறு கதைபோல் இருக்கிறது. 1503இல் பிரான்சிஸ்கன் துறவியர் மரத்தால் கட்டிய கோவில், 1516இல் கற்கோவிலாகி நம் புனித அந்தோனியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது பீடங்களையும் சுரூபங்களையும் அகற்றித் தங்கள் சபைக் கோவிலாக்கிக் கொண்டனர். பிறகு ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்தில்தான் பிரான்சிஸ் என்னும் பெயர் வந்தது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். உள்ளே மாதா சுரூபம் இல்லையே என்று எங்களில் சிலருக்கு மனம் என்னவோ போலிருந்தது. ஆயினும் அங்கே முழந்தாளிட்டு ஜெபிக்க எங்களுக்கு எந்தத் தடையும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. "வாஸ்கோடகாமா வந்திராவிட்டால் நமக்கு வேதம் ஏது?" என்றனர் சிலர். எங்களில் முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர்கள் பலர். 1530களில் அக்கரையின் பரதவர் தலைவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு நாடிக் கொச்சிக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வரலாறு. அவ்வகையில் கொச்சி எங்களுக்கு அந்நிய ஊரல்ல. ஆனால் மலையாளக் கரையில் தோமா கிறிஸ்தவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜெபம் செய்து கொண்டிருந்தார்களே! போர்ச்சுகீசிய குருக்களின் அதிகாரத்தைப் பொறுக்காமல் 1653இல் அதே கொச்சியின் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தவர்களும் அவர்களே. வேதத்தைக் கப்பலில் வந்த சரக்கைப் போல எண்ணுவது சரியென்று எங்களுக்குப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1502இல் இரண்டாம் முறை வந்த வாஸ்கோடகாமா, மெக்காவிலிருந்து யாத்திரிகர்களுடன் திரும்பிய கப்பலொன்றைக் கைப்பற்றி, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் இருக்க அதற்குத் தீ வைத்தார். தேர்வில் கேட்பதெல்லாம் 1498ஆம் ஆண்டும் கடல்வழி கண்ட பெருமையும்தான். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒருத்தி, "அவர் கல்லறையில் ஜெபித்தது தவறோ?" என்றாள். தவறில்லை என்பதே எங்கள் கருத்து. மரித்தோருக்காக ஜெபிக்கும்போது நல்லவர் கெட்டவர் என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவருக்கு ஒரு மன்றாட்டுச் சொன்னால், அந்தக் கப்பலில் எரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வேறு மதத்தினராயிற்றே என்று தயங்குவோருக்கு எங்கள் பதில்: தாயின் கையிலிருந்த குழந்தை எந்த மதம்?

ஆலயச் சுவர்களிலே பழைய கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் போர்ச்சுகீசியர், மறுபக்கம் டச்சுக்காரர். தரையிலிருந்த அவற்றை 1886இல் பெயர்த்துச் சுவருக்கு ஏற்றினார்களாம். கப்பலும் மண்டையோடும் கேடயமுமாய்ச் செதுக்கிய பெயர்கள்! அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் வரிசையாகத் துணிப் பங்காக்கள் தொங்குகின்றன. அவற்றின் கயிறு சுவரைத் துளைத்து வெளியே செல்கிறது. மின்விசிறி இல்லாத காலத்தில், உள்ளே துரைமாரும் துரைசானிமாரும் பிரசங்கம் கேட்க, வெளியே வெயிலில் உட்கார்ந்து நம்மூர் மனிதர்கள் அக்கயிற்றை இழுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. பிரசங்கம் நீண்டால் அவர்கள் கை என்ன பாடுபட்டிருக்கும்! (எங்கள் பள்ளிக் கோவிலில் பிரசங்கம் நீண்டால் நாங்கள் நெளிவதைச் சகோதரிகள் அறிவார்கள்.)

அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்குச் சொல்கிறோம். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும். ஆதலால் வேறு நாளில் செல்லுங்கள். கல்லறையைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதன் பிறகு வெளியே சுற்றி வந்து, கயிறு வரும் துவாரத்தின் கீழே சுவரோரமாகச் சற்று உட்காருங்கள். நடுப்பகலாக இருந்தால் இன்னும் நல்லது.