‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்றொரு பொய்

கார் வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். எங்கள் வாசலில் நின்ற காரிலும் இருக்கை வரை தண்ணீர். வடிந்த பிறகு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை முக்கிவிட்டு அடங்கிப் போனது.

“எதுக்கு சார் ஸ்டார்ட் பண்ணீங்க?” சர்வேயர் கேட்ட முதல் கேள்வி இதுதான். இருக்கைக்கும் ஒயரிங்குக்கும் பணம் உண்டு, எஞ்சினுக்கு இல்லை என்றார். தண்ணீர் புகுந்தது வெள்ளச் சேதமாம். அதன்பின் ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டது ‘விளைவு நஷ்ட’மாம். அதற்கு ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டுமாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிட்டார்கள். எஞ்சினுக்கு மட்டும் கைக்காசு லட்சத்தைத் தாண்டியது.

“கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்” என்றார் ஏஜெண்ட். உண்மைதான். காலமெல்லாம் ஃபைல் பார்த்த குமாஸ்தா, படிக்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. ஆனால், “ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு, நிம்மதியா இருங்க” என்றது யார்? எஞ்சினை விட்டுவிட்டு எப்படி ஐயா அது ‘ஃபுல்’ ஆகும்?

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் காப்பீட்டுக்கு ‘அஸ்யூரான்ஸ்’ என்று பெயர். உறுதி, தைரியம் என்பதற்கும் அதே சொல்தான். பணம் வாங்கும்போது தைரியம் தருகிறார்கள். நாம் கேட்கும்போது பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள். எது கிடைக்காது என்பதை முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

அவர்கள் திருந்தும்வரை நாம் விழித்துக்கொள்வோம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், வெள்ளத்துக்குச் சல்லிக்காசு வராது. சொந்தச் சேதத்துக்கும் எடுங்கள். அதோடு எஞ்சின் புரொடெக்ட், தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ இரண்டும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வண்டிக்குப் பல நிறுவனங்கள் இவற்றைத் தருவதில்லை. அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடவே தொடாதீர்கள். போட்டோ எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். நிறுவனம் புகாரை நிராகரித்தாலோ, ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புதுச்சேரிக்கும் அவர்தான், கட்டணம் கிடையாது.

வயதானவன், பேசாமல் போய்விடுவான் என்று நினைக்கிறார்கள். பேசுவோம்.