ராமேஸ்வரத்தின் வரைபடத்தை யார் வரைவது?

2025 மார்ச் 14 அன்று தமிழக நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 6இல், புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஜூன் 5இல் தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மூன்று மாத இடைவெளியில் மூன்று முடிவுகள். மூன்றுமே இந்தக் கரையின் நிலத்தை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியைத் தொடுபவை. மூன்றையும் எடுத்தவை வெவ்வேறு துறைகள்.

2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இந்தச் சின்ன ஊர் தாங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணிக்கையை வைத்து இங்கே சாலையோ சாக்கடையோ குடிநீரோ திட்டமிட முடியாது என்று. ஆகவே நகரின் முழுமைத் திட்டமும் நில வகைப்பாடும் கட்டட விதிகளும் காலத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 2015ஆம் ஆண்டிலேயே ராமேஸ்வரம் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தின் நகரங்கள் வரிசையில் சேர்க்கப்பட்டது. அந்த நகரங்கள் செயற்கைக்கோள் படங்களை அடிப்படையாகக் கொண்டு தங்கள் முழுமைத் திட்டத்தை எழுதிக்கொள்வது அம்ருத்தின் ஒரு கூறு. எழுதும்போது அதில் என்ன இருக்க வேண்டும், யார் சொல்லி அது அங்கே வர வேண்டும் என்பதைப் பற்றித்தான் நாம் இப்போதே பேசியாக வேண்டும்.

இன்று இந்தத் தீவுக்கு ஒரு வரைபடம் இல்லை, பல இருக்கின்றன. வருவாய்த் துறையிடம் சர்வே எண்ணும் புல வரைபடமும். நகர் ஊரமைப்புத் துறையிடம் குடியிருப்பு, வணிகம், விவசாயம் என்று வண்ணம் தீட்டிய ஒன்று. வனத்துறையிடம் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இப்போது சரணாலய எல்லையும். சுற்றுச்சூழல் துறையிடம் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கணக்கிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கோயில் நிலங்களுக்கு அறநிலையத் துறையின் பதிவேடு தனி. வீடு கட்ட அனுமதி கேட்டு வருபவர் இந்த மேசைகளுக்கிடையே அலைகிறார். அலைய நேரமும் ஆளும் பணமும் இருப்பவருக்கு ஏதோ ஒரு மேசையில் வழி கிடைக்கிறது. மூன்று தலைமுறையாகக் கரையூரில் குடியிருந்து, மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைக்கும் மீனவக் குடும்பத்துக்குப் பட்டா இல்லை என்ற ஒரே காரணத்தால் எல்லா மேசையும் மூடியிருக்கிறது. முழுமைத் திட்டத்தைத் திருத்துவது என்பது இந்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம்.

வைத்துப் பார்த்தால் எந்த வரைபடத்திலும் இல்லாத சில இடங்கள் தெரியவரும்.

முதலில் தண்ணீர். தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுவதை அங்கே போன பலரும் பார்த்திருப்பார்கள். அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது மழைநீர். மணல்மேட்டில் இறங்கிய மழை, கீழே இருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீரியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரும் என்பது அதே கணக்கின் மறுபக்கம். தீவு முழுவதும் இருக்கும் தீர்த்தங்கள், கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகள், வீட்டுக் கிணறுகள் எல்லாம் இந்த மெல்லிய நன்னீரை நம்பியவை. அதற்கு உணவிடும் மணல்மேடு வருவாய்க் கணக்கில் பெரும்பாலும் தரிசு அல்லது புறம்போக்கு. கடலோர விதிகளில் மணல்மேட்டுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் தாண்டிவிட்டால் அதே மணல்மேடு வெறும் மேடு. பொக்லைன் வந்து அரைநாளில் சமப்படுத்திவிட்டுப் போகும். அடுத்து அங்கே ஆழ்துளைக் கிணறு இறங்கும், பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இறங்கும்.

அந்த செப்டிக் டேங்க் எல்லாருடையதும். லாட்ஜுக்காரருடையது பெரியது, நம் வீட்டினுடையது சிறியது, அவ்வளவே. மணலில் கழிவுநீர் நிற்காது. இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ கடலுக்கோ போகும். அக்னி தீர்த்தத்தில் கழிவுநீர் கலக்கிறது என்ற முறையீடு நீதிமன்றம் வரை போயிற்று. பாவம் தீர முங்குகிற கடலில் நாம் எதை விடுகிறோம் என்பதை ஊர் முழுவதும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விவேகானந்த கேந்திரம் தூர்ந்துகிடந்த தீர்த்தங்களைத் தேடித் தூர்வாரி மீட்டுவரும் வேலை நம் கண்ணெதிரே நடக்கிறது. மீட்ட தீர்த்தத்துக்கு நீர் வரும் மணல்வெளியைத் திட்டத்தில் கட்டடம் கூடாத பகுதியாகக் குறிக்காவிட்டால் அந்த உழைப்பு நெடுநாள் நிற்காது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ராமநாதபுரத்தில், இதே கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. வைகையின் கடைமடை இது. கண்மாயும் ஊருணியும் இல்லாமல் இந்தச் சீமையில் ஊரே கிடையாது. நகருக்குள் முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி என்று பெயர் சொல்லி நிற்பவை இன்னும் இருக்கின்றன. ஊருணியை மூடக்கூடாது என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் மீதுதான் நம் கவனம் தவறுகிறது. பத்து அடி அகலமுள்ள ஓடை ஒரு மனைப்பிரிவின் நடுவே மூன்றடிக் குழாயாகச் சுருங்கும்போது யாரும் தடுப்பதில்லை. குளத்தின் கரை பத்திரமாக இருக்க, குளம் வறண்டுபோகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது பெரிய ஆறுதல். இன்றும் தெருவில் குடம் அடுக்கிய தள்ளுவண்டியோடு போகும் பெண்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குழாய் மட்டும் போதாது என்பதும் தெரியும்.

மனைப்பிரிவைப் பற்றி நமக்கு அனுபவப் பாடம் இல்லாமல் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை விதித்தபோது, தமிழகம் முழுவதும் சிக்கித் தவித்தவர்கள் சீட்டுப் பிடித்து, நகை விற்று இரண்டு சென்ட் வாங்கியவர்கள். கல் நட்டு விற்றவர் பணத்தோடு போய்விட்டார். அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து மனைகளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. விட்டுப்போன பூங்காவும் அகலமான சாலையும் வடிகாலும் திரும்பக் கிடைக்கவில்லை. விமான நிலையம் என்ற சொல் காதில் விழுந்ததும் கல் நடும் வேகம் கூடும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே என்று, மனை வாங்கப்போகும் நாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும்.

பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு இன்னொரு சான்று 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, அதிகாரி வந்து பார்க்காமலே இணையத்தில் உடனே அனுமதி. வரவேற்க வேண்டிய மாற்றம். அலைச்சலும் கையூட்டும் குறையும். பக்கவாட்டில் இடைவெளி விட்டேன், மழைநீர்த் தொட்டி வைத்தேன் என்று சான்று சொல்பவர் இனி வீட்டுக்காரர்தான். அரசு நம் சொல்லை நம்பி ஒரு விதியை மாற்றியிருக்கிறது. இந்தக் கரையில் அந்தச் சொல் பொய்த்தால் அதன் விலையை அடுத்த வீட்டுக் கிணறு கொடுக்கும்.

எந்த வரைபடத்திலும் ஏறாத மற்றொரு நிலம், கடற்கரைத் தொழில் நடக்கும் மணல். தங்கச்சிமடத்திலிருந்து ஓலைக்குடா வரை நடந்து பாருங்கள். கரைவலை இழுக்க நீண்ட வெற்று மணல் வேண்டும். வல்லத்தை ஏற்றி வைத்துப் பழுது பார்க்க இடம் வேண்டும். கருவாடும் வலையும் காய, வெயிலும் காற்றும் படும் திறந்த மணல் வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் எடுத்துவரும் பாசி காய்வதும் அப்படிப்பட்ட மணலில்தான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது காலியிடம். கோப்பில் அது புறம்போக்கு. சுற்றுலாத் திட்டம் எழுதுகிறவருக்கு அது கடல் பார்த்த அருமையான மனை. 2011 கடலோர அறிவிக்கை, மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவக் கிராமங்களையும், அவர்களுடைய பொது இடங்களையும், மீன் உலர்த்தும் இடங்களையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்றது. குறிப்பவர் சென்னையிலோ வேறெங்கோ கணினி முன்னால் இருக்கிறார். மேலிருந்து எடுத்த படத்தில் கருவாடு காயும் மணலும் சும்மா கிடக்கும் மணலும் ஒன்றாகத்தான் தெரியும். எந்த மாதத்தில் எந்தக் கரையில் வலை இழுக்கிறார்கள் என்பது அங்கிருப்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை அவர்கள் வாயால் கேட்டு, காகிதத்தில் ஏற்றி, கிராமத் தலைவர்களும் சங்கங்களும் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது ஆவணம்.

லாட்ஜ் நடத்துபவர்களை எதிர்த்தரப்பாக நிறுத்தி இந்தப் பேச்சை முடித்துவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது, பயனும் தராது. யாத்திரிகர் தங்க இடம் வேண்டும். அந்த அறைகளைப் பெருக்கித் துடைப்பதிலும், ஆட்டோ ஓட்டுவதிலும், சங்குமாலை விற்பதிலும் பிழைக்கும் குடும்பங்கள் இதே கரையூரிலும் வேர்க்கோட்டிலும் இருக்கின்றன. உயரக் கட்ட விடுங்கள் என்று அவர்கள் கேட்பதற்கும் கணக்கு இருக்கிறது: நிலம் குறைவு. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஆண்டுகளாக விவாதத்தில் இருக்கிறது. கோபுரம் தெரிய வேண்டும் என்பது அங்கே முதன்மைக் காரணம். இங்கே உயரத்தோடு சேர்த்து வேறொன்றையும் அளக்க வேண்டும். ஒரு கட்டடம் எத்தனை அறை வைக்கலாம் என்பதை அதற்குக் கிடைக்கும் தண்ணீரும், அது சுத்திகரிக்கும் கழிவுநீரும் தீர்மானிக்கட்டும். தன் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துபவருக்குக் கூடுதல் தளம் கொடுப்பதில் ஊருக்கு நட்டமில்லை. விடுதி உரிமையாளர்களே முன்வந்து இப்படியொரு விதியை எழுதித் தரலாம். தங்கள் தொழில் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் தருவார்கள் என்றே நம்புகிறேன்.

விதியை மீறிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்புக்கு நாட்டிலேயே கடுமையான விடை கொச்சிக்குப் பக்கத்திலுள்ள மரடுவில் கிடைத்தது. கடலோர விதியை மீறியதற்காக, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றில் வீடு வாங்கியிருந்தவர்கள் உள்ளாட்சி அனுமதி இருக்கிறது என்று நம்பி வாங்கியவர்கள். நமக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் துறைமுகமும் சுங்க அலுவலகமும் ஒரே புயலில் போயின. பயணிகளோடு ரயிலே போயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அந்த மண்ணில் மீண்டும் வண்டியும் கடையும் பெருகுகின்றன. அந்தச் சாலையோரத்தில் பொழுதுக்குள் திரும்பிவிடும் வியாபாரம் நடக்கட்டும்; இரவு தங்கும் எதற்கும் அனுமதி கிடையாது என்பதைத் திருத்தப்படும் திட்டம் ஐயமில்லாமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது, இன்னும் அங்கேயே குடிசையில் இருந்து மீன் பிடிக்கும் குடும்பங்களுக்குப் புயல்காலத்தில் ஒதுங்கப் பாதுகாப்பான இடமும், படகு வைக்கும் உரிமையும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

சட்டம் நமக்கொரு வாசல் வைத்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து, யாரிடமிருந்தும் எழுத்துப்பூர்வமான ஆட்சேபணையையும் ஆலோசனையையும் கேட்க வேண்டும். அரசிதழிலும் நாளிதழ் மூலையிலும் வரும் அந்த அறிவிப்பு பலர் கண்ணில் படாமலே இரண்டு மாதம் ஓடிவிடும். வரைவு தமிழில், தெருப்பெயரோடு, பெரிய அச்சில் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்று நகராட்சியிடம் இப்போதே கேட்டு வைப்போம். ராமேஸ்வரம் நகராட்சி, பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகள், பாலத்துக்கு அப்பால் மண்டபம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நகர எல்லையில் விதி இறுகினால் கட்டடங்கள் எல்லைக்கு வெளியே ஊராட்சி நிலத்துக்கு நகரும், நிலத்தடி நீருக்கோ எல்லைக்கல் தெரியாது.

கேட்டு வாங்குவதற்கு முன் செய்து வைக்கக்கூடிய வேலையும் இருக்கிறது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கானது. நகராட்சி வார்டுகளில் பகுதி சபைகளுக்கு விதி இருக்கிறது. வரும் கூட்டத்தில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரித்து, வார்டு வார்டாக, ஊற்றுக் கிணறு எங்கே, மழைநீர் எந்தச் சந்து வழியாக ஓடுகிறது, வலை காயும் மணல் எது, எந்த மேட்டில் போர் போட்டு உப்பு வந்தது என்று ஊர்க்காரர்களே குறிக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் அந்த இடங்களின் ஆள்கூறுகளை எடுத்துத் தருவார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொன்றுக்கும் சர்வே எண் எழுதட்டும். சபை தீர்மானமாக அதை நிறைவேற்றி, ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதியை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒப்புகைச் சீட்டோடு அனுப்பலாம்.